சிவப்பு டீசல் வள்ளல் வாழ்க

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அந்தப் பரம்பரை ஏழு பேரோடு முடிந்துவிட்டது என்றுதான் தமிழாசிரியர்களும் சொல்லிக்கொடுத்தார்கள். முடியவில்லை. டெக்சாஸில் ஒருவர் இருக்கிறார். லபக் நகரைச் சுற்றிப் பருத்தி விளையும் சமவெளியில் அவருக்குப் பண்ணை. பண்ணைக்கு டிராக்டர், போக வர டீசலில் ஓடும் பிக்கப். பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் ஒருவர் அல்ல. அயோவாவில் சோளம் போடுகிறார், பென்சில்வேனியாவில் லாரி வைத்திருக்கிறார், இன்னொரு மாநிலத்தில் பொக்லைன் வாடகைக்கு விடுகிறார். எல்லோரையும் சேர்த்து அண்ணன் என்றே அழைப்போம். தெருமுனையில் பேனர் கட்டிப் புகழும் பழக்கம் அந்த நாட்டில் இல்லாததால் அவருடைய பெருமை வெளியே தெரியாமலே கிடக்கிறது. நம்மால் முடிந்தது இது.

அண்ணன் செய்வது மிகச் சின்னக் காரியம். அமெரிக்காவில் சாலையில் ஓடும் வண்டிக்கான டீசலில் சாயம் இருக்காது. அதில் மத்திய அரசின் வரி கேலனுக்கு 24.4 சென்ட், டெக்சாஸ் மாநிலத்தின் வரி 20 சென்ட். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வயலில் உழைப்பவை, நெடுஞ்சாலையைத் தேய்ப்பவை அல்ல. அவற்றிடம் சாலை வரி கேட்பது நியாயமில்லை என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கும், சாலைக்கு வராத கட்டுமான இயந்திரங்களுக்கும் அதே விலக்கு. விலக்குப் பெற்ற டீசல் எது என்று கண்ணால் பார்த்தே தெரியவேண்டும் என்பதற்காக அதில் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நம் ஊரில் நீலம் போட்ட மாதிரி. அந்தச் சிவப்பை அண்ணன் பிக்கப்பில் ஊற்றிக்கொண்டு ஊருக்குள் போய் வருகிறார். அவ்வளவுதான்.

இதில் வள்ளல்தனம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். பிக்கப்பின் டேங்க் 30 கேலன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை நிரப்பினால் இரண்டு வரியும் சேர்த்து அவருக்கு மிச்சமாவது 13 டாலர் சொச்சம். பிடிபட்டால் மத்திய வருவாய்ச் சட்டத்தின் 6715ஆம் பிரிவு அவரிடம் கேட்பது 1,000 டாலர், அல்லது கேலனுக்கு 10 டாலர், இரண்டில் எது அதிகமோ அது. 30 கேலனுக்குப் பத்துப் பத்தாகக் கூட்டினால் 300தான் வருகிறது என்பதால் 1,000 டாலர். அதாவது 75 முறை டேங்க் நிரப்பிச் சேர்த்ததை ஒரே காலையில் எடுத்துக் கொடுத்துவிடுவார். வாரத்துக்கு ஒரு டேங்க் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை வருடச் சேமிப்பு. முல்லைக்கொடியைப் பார்த்ததும் தேரை விட்டு இறங்கியவன்கூட ஒன்றரை வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்துக் கொடுக்கவில்லை.

இது பிக்கப்புக்கு. அண்ணன் பெரிய லாரி வைத்திருந்தால் கொடை அதற்கேற்றபடி விரியும். இரண்டு பக்கமும் 150 கேலன் டேங்க் மாட்டிய லாரியில் 300 கேலன் சிவப்பு இருந்தால் மிச்சம் சுமார் 133 டாலர், கொடை 3,000. மாநிலத்தின் அபராதம் இதில் சேரவில்லை, அது தனி உண்டியல். போகவேண்டிய வரியும் போகத்தான் வேண்டும். அபராதம் கட்டிவிட்டதால் வரி கழிந்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சந்தோஷப்படக் கூடாது, சிவப்பு டீசல் சாலை வண்டியின் டேங்குக்குள் இறங்கியதற்கு என்றே தனியாக ஒரு வரிவிதி இருக்கிறது. ஒரே டேங்குக்கு மூன்று இடத்தில் மொய் எழுதுகிறார் மனிதர்.

நேர்மையிலும் அண்ணனைக் குறைசொல்ல முடியாது. நிலத்தடி எரிபொருள் டேங்குகள் கசிந்தால் சுத்தம் செய்வதற்கென்று ஒரு நிதி உண்டு. அதற்கான கேலனுக்கு 0.1 சென்ட் பிடித்தம் சிவப்பு டீசலிலும் இருக்கிறது. அந்தப் பத்தில் ஒரு சென்ட்டை அவர் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. 30 கேலனுக்கு மூன்று சென்ட். முறையாக, முழுசாக.

அவருடைய பண்ணை முற்றத்தை ஒருமுறை பார்க்கவேண்டும். இரும்புக் காலில் தூக்கி நிறுத்திய இரண்டு டேங்குகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் சாயமில்லாத டீசல், ஒன்றில் சிவப்பு. இரண்டிலும் தனித்தனிக் குழாய். சிவப்பு டீசலை விற்கும் பம்பிலும் அதற்கான ரசீதிலும் ஒரு அறிவிப்பு இருந்தே ஆகவேண்டும் என்பது விதி: இது சாயமிட்ட டீசல், வரிவிலக்குள்ள பயன்பாட்டுக்கு மட்டும், மற்றதற்குப் பயன்படுத்தினால் அபராதம். அறிவிப்பைச் சுருக்கமாக, பெரிய எழுத்தில், குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருப்பார்கள். அண்ணன் வங்கிக் கடன் பத்திரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனையைக்கூட மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசிப்பவர். விதை மூட்டையின் பின்பக்கம் இருக்கும் எச்சரிக்கையை வேலையாளுக்கு வாசித்துக் காட்டுபவர். இந்த ஒரு அறிவிப்பின் மீது மட்டும் தொப்பியைக் கழற்றி மாட்டி வைக்கிறார். வெயில் பட்டு எழுத்து வெளிறிவிடக் கூடாதே என்ற அக்கறையாக இருக்கலாம்.

அவருடைய விஞ்ஞான அறிவும் லேசுப்பட்டதல்ல. சிவப்பும் வெள்ளையும் ஒரே டீசல்தான், சாயம் மட்டும்தான் வித்தியாசம், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்வார். உண்மை. பழைய நாளில் இப்படிச் சொல்லமுடியாது. 1993இல் சாலை டீசலில் கந்தகத்தைக் குறைக்கச் சொன்னபோது வயல் டீசலில் அது பழையபடி அதிகமாகவே இருந்தது. அதிகக் கந்தகமுள்ளதைப் பிரித்துக் காட்டத்தான் முதலில் சாயம் வந்தது. அந்தச் சாயம் ஆரம்பத்தில் நீலம். சிறிய விமானங்களில் ஊற்றும் பெட்ரோலும் நீலம் என்பதால் யாராவது மாற்றி ஊற்றி வானத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்ற பயத்தில் நீலத்தை விட்டுச் சிவப்புக்கு வந்தார்கள். 1994 ஜனவரியிலிருந்து வருவாய்த் துறைக்கு அதே சிவப்பு வரி அடையாளமாகவும் ஆனது. பிறகு 2010 வாக்கில் வயல் டீசலிலும் கந்தகத்தை 15 பி.பி.எம். அளவுக்கு இறக்கிவிட்டதால், இன்றைக்கு இரண்டும் ஒரே சரக்கு. இவ்வளவையும் ஒரே வாக்கியத்தில் அடக்கி, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடும் சுருக்கம் அண்ணனுக்குத்தான் வரும். எஞ்சினுக்கு ஆகாதுதான். சட்டமும் எஞ்சினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சாயத்தின் அளவைச் சொன்னால் அண்ணனுடைய துணிச்சலின் அளவும் தெரியும். 1,000 பீப்பாய் டீசலுக்கு, அதாவது 42,000 கேலனுக்கு, குறிப்பிட்ட ஒரு திடச் சாயம் 3.9 பவுண்டு சேர்த்தால் என்ன நிறம் வருமோ அந்த நிறமாவது வரவேண்டும் என்பது விதி. நம் கணக்கில் ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் டீசல், அதற்கு இரண்டு கிலோவுக்கும் குறைந்த சாயம். அவ்வளவு கொஞ்சம் போட்டே அவ்வளவு டீசலும் குங்குமம் கரைத்த மாதிரி ஆகிவிடுகிறதென்றால், அது எவ்வளவு பிடிவாதமான சாயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதி சிவப்பு, பாதி வெள்ளை என்று கலந்து ஊற்றினால் கண்ணுக்கு ரோஜா நிறமாகத் தெரியும். இன்னும் வெள்ளையை ஊற்றினால் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம், ஆய்வுக்கூடத்துக்குத் தெரியும். வேறு சாயத்தைக் கலந்து மறைக்கலாமே என்று யோசிப்பவர்களையும் சட்டம் மறக்கவில்லை. சாயத்தின் அடர்த்தியையோ சேர்மானத்தையோ வேண்டுமென்றே மாற்றினாலும், மாற்ற முயன்றாலும், அதுவும் அதே 6715ஆம் பிரிவில் வரும். டீசல் கிடங்கில் சாயம் கலக்கும் இயந்திரத்திலேயே கைவைக்கும் அளவுக்குப் பெரிய மனது படைத்தவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, ஆரம்பமே 25,000 டாலர். அண்ணன் அந்த உயரத்துக்கு இன்னும் போகவில்லை. அடக்கம்.

நெடுஞ்சாலையில் லாரிகளை எடை போடும் நிலையம். பின்னால் கால்நடை டிரெய்லர் மாட்டிய அண்ணனுடைய பிக்கப்பையும் ஓரம் கட்டச் சொல்கிறார்கள். எரிபொருள் சோதனை அதிகாரி ஒருவர் வருகிறார். கையில் சின்னக் கைப்பம்பு, உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய், மூடி போட்ட ஒரு குப்பி. டேங்க் மூடியைத் திறந்து குழாயை விட்டு இரண்டு அழுத்து அழுத்துகிறார். குழாயில் ஒரு கோடு ஏறி வருகிறது. குப்பியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார். ரூஆப்சா மாதிரி இருக்கிறது.

“இது என்ன ஐயா?” என்கிறார் அதிகாரி.

“டீசல்.”

“சிவப்பாக இருக்கிறதே?”

“அப்படியா!” என்கிறார் அண்ணன். அந்த ஒற்றை வார்த்தையில் அவர் காட்டுகிற வியப்பு இருக்கிறதே, முதல் முறை கடலைப் பார்த்த குழந்தைக்குத்தான் அது வாய்க்கும்.

பிறகு வரும் பதில்களுக்கெல்லாம் ஒரு தனி மரபு இருக்கிறது. பையன் நேற்று வண்டியை எடுத்துப் போனான், அவன்தான் தெரியாமல் ஊற்றியிருப்பான். கடை வரைக்கும்தான் வந்தேன், அரை மைல். பண்ணை வண்டிதான் ஐயா, இன்றைக்கு மட்டும் சாலையில் ஏறிவிட்டது. டீசல் தீர்ந்து நடுவழியில் நின்றபோது பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு கேன் கொடுத்தார். பண்ணைக்குள்ளே உழவுக்காகச் சுற்றுகிறவரை சிவப்புக்கு விலக்கு உண்டுதான், பொதுச் சாலையில் ஏறிய அரை மைலுக்கு அந்த விலக்கு கூட வராது. அவருக்குத் தெரிந்திருந்தது என்று அதிகாரி நெஞ்சைப் பிளந்து காட்டவேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்திருந்தாலோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தாலோ போதும் என்கிறது சட்டம். தன் முற்றத்தில் தன் கையால் தொப்பி மாட்டி மூடிய அறிவிப்பு ஒரு காரணமாகுமா என்பதை வக்கீலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வக்கீலுக்கு மணிக்கணக்கில் கட்டணம். அதுவும் கொடைதான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில அண்ணன்மார்கள் இன்னும் ஒரு படி மேலே. டேங்கைத் திறக்க விடமாட்டேன், வாரண்டு எங்கே என்று மீசையை முறுக்குவார்கள். உரிமைக்காக நிற்பது நல்ல குணம். எரிபொருளைச் சோதிக்கவும், மாதிரி எடுக்கவும், அதற்காக வண்டியை நிறுத்திவைக்கவும் வருவாய்த் துறைக்குச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. மறுத்தால் மறுத்ததற்கென்று 1,000 டாலர், ஒவ்வொரு மறுப்புக்கும். டேங்கில் இருந்தது சுத்தமான வெள்ளை டீசலே என்றாலும் மறுத்ததற்கு மறுத்ததுதான். குற்றமே செய்யாமல் அபராதம் கட்டும் பெருந்தன்மையை வேறு எந்தத் துறையில் பார்க்கமுடியும்?

தான் மட்டும் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொள்ளும் சுயநலமும் அண்ணனிடம் இல்லை. கம்பெனி வைத்திருந்தால், தெரிந்தே இதில் கலந்துகொண்ட நிர்வாகி, ஊழியர், ஏஜெண்ட் எல்லோரும் கம்பெனியோடு சேர்ந்தும் தனித்தனியாகவும் அபராதத்துக்குப் பொறுப்பு. சிவப்பை ஊற்று என்று அண்ணன் சொன்னார், சரி என்று ஊற்றினார் டிரைவர். முதலாளி பேச்சைத் தட்டாத அந்த டிரைவருக்கும் பங்கு உண்டு. சம்பள உயர்வில் பங்கு கேட்டு இரண்டு வருடமாக அலைந்தவருக்கு இதில் கேட்காமலே கிடைத்துவிடுகிறது. சாலை வண்டியில்தான் ஊற்றப்போகிறார் என்று தெரிந்தும் சிவப்பை விற்ற கடைக்காரரும் அதே பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும். ஊரையே கூட்டிக்கொண்டு விருந்துக்குப் போகிற மனது.

முன்னோர் பெருமை சொல்லாத புகழுரை நம் வழக்கத்தில் இல்லை. அண்ணனுடைய குலத்துக்கும் முன்னோர் உண்டு. 1980களில் சாயம் இல்லை. வீட்டைச் சூடாக்கும் எண்ணெயும் டீசலும் நிறத்திலும் குணத்திலும் ஒன்று. ஒன்றுக்கு வரி உண்டு, மற்றதற்கு இல்லை. விற்பனையும் பல கை மாறித்தான் நடக்கும். நியூயார்க் பக்கத்து மாஃபியா குடும்பங்களும் ரஷ்யாவிலிருந்து குடியேறிய கூட்டாளிகளும் இதில் ஒரு தொழிலே கண்டுபிடித்தார்கள். காகிதத்தில் மட்டும் இருக்கும் கம்பெனிகளை வரிசையாக வைத்து எரிபொருளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விற்றதாகக் கணக்கு எழுதுவார்கள். நடுவில் ஒரு கம்பெனி வரி கட்டியதாக ரசீதில் இருக்கும். அதிகாரி விலாசத்தைத் தேடிப் போனால் பூட்டிய அறையோ தபால் பெட்டியோதான் மிஞ்சும். கொலம்போ குடும்பத்தின் மைக்கேல் ஃபிரான்சீஸ் என்பவர் இதே பாணியிலான பெட்ரோல் வரி மோசடியால் பெரும் பணக்காரராகி, 1986இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 ஆண்டுத் தண்டனை பெற்றார். அவர் ஒரு சாம்ராஜ்யமே நடத்தி அரசிடமிருந்து எடுத்தார். அண்ணன் ஒரு பிக்கப் டேங்கை வைத்துக்கொண்டு அதே வரிசையில் போய் நிற்கிறார். ஆசைக்கு அளவு எதற்கு, இடம் கிடைத்தால் போதாதா.

இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரி வசூலிக்கும் இடத்தை மாற்றினார்கள். டீசல் பெரிய கிடங்கிலிருந்து லாரியில் ஏறும் இடத்திலேயே வரி. ஒன்று வரி கட்டி வெளியே போ, அல்லது சிவப்புச் சாயத்தோடு போ. ஜஸ்டின் மாரியன், எரிக் மியூலெக்கர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இதன் விளைவை ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். சாயம் வந்ததும் வரி கட்டிய டீசலின் விற்பனை 26 சதவீதம் கூடியது, கிட்டத்தட்ட அதே அளவுக்கு வீடு சூடாக்கும் எண்ணெயின் விற்பனை குறைந்தது. அந்த வருடம் அமெரிக்காவில் திடீரென்று அத்தனை பேருக்குக் குளிர் விட்டுப்போயிற்று. லாரிகளுக்கெல்லாம் அதே நேரத்தில் தாகம் எடுத்தது. உடம்பில் இத்தனை மாற்றம் செய்த மருந்தை எந்த வைத்தியரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அட்லாண்டிக்குக்கு அப்பால் அண்ணனுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படித்தவர்கள், அதாவது வேதியியல் படித்தவர்கள். அயர்லாந்துக் குடியரசில் பண்ணை டீசல் பச்சை. எல்லையைத் தாண்டி வட அயர்லாந்துக்குப் போனால், அது பிரிட்டன் என்பதால், பண்ணை டீசல் சிவப்பு. தெற்கு ஆர்மா, லவுத், மோனகன் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் பல வருடங்களாக இந்தச் சாயத்தை வெளுக்கும் தொழில் நடந்தது. மாட்டுக் கொட்டகைக்குள் டேங்குகளை மறைத்து வைத்து, வெளுக்கும் களிமண், அமிலம், சில இடங்களில் பூனை மலம் அள்ளப் பயன்படும் மண் ஆகியவற்றின் வழியே டீசலை வடிகட்டுவார்கள். சாயம் மண்ணில் தங்கும், டீசல் வெளுத்து வெளியே வரும். பங்கில் முழு விலைக்கு விற்பார்கள்.

மிச்சம் நிற்பது அமிலம் கலந்த கரும் சேறு. அதை ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டிகளில் அடைத்து, இரவில் கொண்டுவந்து சாலையோரத்தில் வரிசையாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் கவுன்சில்காரர்கள் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு வந்து அள்ளவேண்டும். அள்ளுகிற செலவு ஒழுங்காக வரி கட்டிய ஊர்க்காரர்களுடையது. வாங்கியவருடைய எஞ்சினை அந்த டீசல் என்ன செய்யும் என்பதைப் பற்றி விற்றவருக்குக் கவலை இல்லை. அந்த விஷயத்தில் நம் டெக்சாஸ் அண்ணன் தங்கம், தன் எஞ்சினில் சுத்தமான சரக்கைத்தான் ஊற்றுகிறார். 2015இல் இரு அரசுகளும் சேர்ந்து, எளிதில் வடிகட்ட முடியாத ஒரு புதிய அடையாளப் பொருளைக் கொண்டுவந்தன. பழைய வித்தைக்கு அத்தோடு மவுசு போய்விட்டது. குடியரசில் சாதாரண நீதிமன்றத்திலேயே இதற்கு 5,000 யூரோ அபராதம். வடக்கே வண்டியையே பிடித்து நிறுத்திவிடுவார்கள், காசு கொடுத்துத்தான் மீட்கவேண்டும். தேரையே கொடுத்த பாரிக்கு ஓரளவு பக்கத்தில் வருவது அந்த வடக்குச் சொந்தக்காரர்தான்.

திரும்பவும் டெக்சாஸ். அண்ணன் தரும் 1,000 டாலரை மட்டும் பேசிவிட்டு, அவர் தராத 13 டாலரை விட்டுவிட்டால் பாவம். அமெரிக்காவின் நெடுஞ்சாலை நிதி 1956இல் தொடங்கியது. சாலையில் ஓடுகிறவர்கள் எரிபொருள் வரியாகக் கொடுப்பதை வைத்துச் சாலை போடுவது என்பது ஏற்பாடு. டீசலுக்கான அந்த 24.4 சென்ட் 1993இலிருந்து கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. தாரின் விலையும் கூலியும் அப்படியே நிற்கவில்லை. 2008இலிருந்து அந்த நிதி தன் காலில் நிற்கமுடியாமல், அவ்வப்போது பொதுக் கஜானாவிலிருந்து பணம் எடுத்து நிரப்புகிறார்கள். பள்ளம் விழுந்த பாலத்தின் மேல் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும்போது அண்ணன், “நம் வரிப்பணமெல்லாம் எங்கே போகிறது?” என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்பார். நல்ல கேள்வி. பக்கத்தில் இருப்பவர் பக்கத்துப் பண்ணைக்காரர், வெள்ளை டீசல் ஊற்றுகிறவர். அவருடைய 13 டாலர் அண்ணனுடைய சக்கரத்துக்கு அடியில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அதே பக்கத்துப் பண்ணைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அண்ணனுடைய உயரம் தெரிவதற்காக. அவர் சில நாள் சிவப்புத் தீர்ந்துவிட்டால் வரி கட்டிய வெள்ளை டீசலையே டிராக்டரில் ஊற்றுகிறார். வருடக் கடைசியில் ரசீதுகளை அடுக்கி, 4136 என்ற படிவத்தை நிரப்பி, வயலில் செலவான டீசலுக்கான மத்திய வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். சட்டப்படி, சத்தமில்லாமல், கடைசி சென்ட் வரை. பாருங்கள், எவ்வளவு அற்பமான மனிதர்! அரசிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்குகிறார். அண்ணனுக்குப் படிவம் நிரப்பும் கஷ்டமே வேண்டாம். அவருக்குக் கொடுத்துத்தான் பழக்கம்.

சாலையில் சிவப்பை ஊற்றிக்கொண்டு போக அனுமதி பெற்றவர்களும் உண்டு. பள்ளிக்கூடப் பேருந்து, மாநில அரசு, உள்ளாட்சி வண்டிகள். பெரும் புயல் அடித்து, எரிபொருள் தட்டுப்பாடு வந்தால் வருவாய்த் துறை சில நாள்களுக்கு அபராதத்தைத் தளர்த்துவதும் உண்டு. 2022இல் இயன் புயலுக்குப் பிறகு புளோரிடாவில் அப்படிச் செய்தார்கள். அப்போதும் 24.4 சென்ட் வரியைக் கட்டிவிடவேண்டும் என்றுதான் நிபந்தனை. அண்ணன் பிக்கப்புக்கு மஞ்சள் வண்ணம் அடித்துப் பேரப்பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிப் பேருந்து என்று சொல்லிப் பார்க்கவில்லை. அந்த அளவுக்குப் பொய் அவருக்கு வராது. அவர் பேசும் பொய் முழுக்க டேங்குக்குள் இருக்கிறது.

ஒரு முறை கொடுத்துவிட்டு ஓய்ந்துபோகும் கை அல்ல அது. இரண்டாம் முறை பிடிபட்டால் 1,000 என்பது 2,000 ஆகிறது, மூன்றாம் முறை 3,000. முந்தைய அபராதங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும். முதல் இரண்டு முறை அவர் மேல்முறையீட்டுக்குப் போய்ப் பார்த்தார். கோப்பு தூக்கிக்கொண்டு அலைந்தார். மூன்றாம் முறையிலிருந்து அந்த அலைச்சலையும் அரசு மிச்சம் செய்துவிட்டது. 2004இல் சேர்த்த ஒரு விதியின்படி, ஏற்கெனவே இரண்டு முறை அபராதம் வாங்கியவருடைய டீசலைப் பரிசோதித்துச் சாயம் உறுதியாகிவிட்டால் அந்த முடிவின் மேல் துறைக்குள் முறையீடே கிடையாது. இரண்டே இரண்டு காரணங்களைச் சொன்னால் மட்டும் காது கொடுப்பார்கள். பரிசோதனையில் மோசடியோ பிழையோ நடந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் அபராதத்தைக் கூட்டிப் போட்ட கணக்கில் தப்பு இருக்கவேண்டும். அந்த இரண்டாவது காரணத்தைக் கேட்டதும் அண்ணன் முகம் மலர்ந்தது. கணக்கில் தப்பு இருக்கிறது என்று அவருக்கு உறுதியாகத் தெரியும், 75 டேங்காக மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தவர் அல்லவா. வக்கீல்தான் மெதுவாக விளக்கவேண்டியிருந்தது: தப்பு இருக்கவேண்டியது அரசாங்கம் போட்ட கணக்கிலாம், அண்ணன் போட்ட கணக்கிலுள்ளது இந்த விதியில் வராதாம்.